எண் அன்று, பெயர்!

போரில் வென்ற மன்னனுக்குப் பட்டமும் பாட்டும் உண்டு; படைத்தலைவனுக்குப் பதக்கமும் சிலையும் உண்டு. முன்வரிசையில் நின்று மார்பில் குண்டேந்தி வீழ்ந்த காலாளுக்கு என்ன உண்டு? இவ்வினாவிற்கு ஓர் அரசு தரும் விடையே அவ்வரசின் தகுதியைக் காட்டும்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஆங்கில வல்லாட்சி தன் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து இலக்கத்திற்கும் மேற்பட்டோரைக் கடல்கடந்து அனுப்பியது. சென்னை மாகாணத்து உழவர் மக்களும் அவருள் இருந்தனர். மழை பொய்த்த நிலமும் தீராக் கடனும் எத்தனையோ இளைஞரைப் படைமுகாமுக்குத் துரத்தின. காலாளுக்குத் திங்கட்கூலி 11 உருபா. தோளில் துமுக்கி; காதில் வேற்றுமொழிக் கட்டளை; எதிரே நிற்பவன் யார், அவனோடு தனக்கென்ன பகை என்பதையும் அறியாத போர்!

இன்று ஈராக்கு எனப்படும் அன்றைய மெசப்பொத்தேமியாவில் அப்படைகள் பட்ட பாடு கொடிது. உடலைப் பொசுக்கும் வெயில், கலங்கல் நீர், வாந்திக்கழிச்சல், மருந்தும் மருத்துவரும் போதாத முகாம்கள். காயமுற்றோர் கவனிப்பாரின்றிப் படகுகளில் கிடந்து துடித்ததை 1917-இல் பிரித்தானிய உசாவற்குழுவே ஒப்புக்கொண்டது. அக்களத்தில் நோயால் மட்டும் மாண்டோர் 12,000-க்கும் மேற்பட்டோர்.

மாண்டவனுக்குக் கிடைத்ததென்ன? தகுதியோ இனமோ சமயமோ பாராது, இறந்தோர் அனைவரையும் ஒப்ப மதிப்பதே கொள்கை என முழங்கிய பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம், 1929-இல் பசுராவில் நினைவகம் திறந்தது. கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோர்க்கான நினைவகம் அது. வெள்ளைப் படையினர் பெயர்கள் கல்லில் ஏறின. இந்திய மேல்நிலைப் படையினர் பெயர்களும் ஏறின. இந்தியக் காலாளுக்கோ அவன் படையணியின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கை! மற்றும் இத்தனை பேர் என்பதோடு அவன் கதை முடிந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் அவ்வாட்சி நட்ட கல்லும் அத்தகையதே. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் இறந்தனர் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல்! அதில் பெற்ற தாய் தேடும் பெயரும் இல்லை. அவள் அறிந்த எழுத்தும் இல்லை.

இதே மண்ணின் பழைய மரபு யாது? வீழ்ந்த மறவனுக்குக் கல் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் நடுகல் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. 2006-இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் வெளிப்பட்ட பழந்தமிழ் எழுத்து நடுகல், கூடலூர் ஆகோளில் பட்ட ஒருவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்து நின்றது. அவன் மன்னனும் அல்லன். குறுநில வேளும் அல்லன். பல்லவன் முதலாம் மகேந்திரன் காலத்து எடுத்தனூர் நடுகல்லோ கருந்தேவக்கத்தி என்னும் மறவனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்த அவன் நாயின் பெயரையும் கோவிவன் எனப் பொறித்து வைத்தது. தமிழன் நாய்க்கும் பெயர் பொறித்தான். வல்லாட்சியோ தமிழனுக்கும் பெயர் பொறிக்கவில்லை!

2021-இல் அவ்வாணையம் தன் தவற்றை ஒப்பி மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கரும் பிறருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படாமலோ, அறவே நினைக்கப்படாமலோ விடப்பட்டனர் என்றது அதன் அறிக்கை. நூறாண்டுக்குப் பின் வந்த மன்னிப்பு, பெயரைத் தானாகக் கொணர்ந்து விடாது.

அதைக் கொணர வேண்டியது தமிழ்நாடு. பசுராவில் எண்ணாக்கப்பட்டோரின் பெயரேடு பிற்காலத்தில் இங்கிலாந்தில் தொகுக்கப்பட்டது. அதில் உள்ள தமிழ்நாட்டு மறவரை ஊர்வாரியாகப் பிரித்தெடுத்தல் அரசின் கடன். முதியோர் நினைவிலும் வீட்டுப் பழந்தாள்களிலும் எஞ்சியிருப்பதைத் திரட்டுதல் ஊர்தோறும் உள்ள தமிழ் இளைஞர் கடன். அவ்வாங்கிலக் கல்லின் அருகே அவரவர் பெயரைத் தமிழில் பொறித்த கல் ஒன்று நடப்பட வேண்டும்.

இது பேரரசின் போரைப் போற்றுவதன்று. அயலான் போரில் கூலிக்கு மாண்டவனும் ஒரு தாயின் மகன். அவனுக்கும் பெயர் இருந்தது. தன் காலாளின் பெயரை மறந்த இனம் தன் பெயரையும் ஒருநாள் மறக்கும். தமிழர் எழுக! கல் நடுக! பெயர் பொறிக்க!