அடுத்த ஊரில் கிடைத்த பெயர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடை, மாலை, ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. கோயில் மண்டபத்தில் நான்கு மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், பசியாற மீகூன், அவ்வளவுதான். வந்தவர்கள் பதினேழு பேர். பேராக்கின் வெவ்வேறு ஊர்களில் தங்கள் தோட்டம், பள்ளி, ஆலயம் பற்றிய வரலாற்றைத் தாமாகவே சேகரித்து வருகிறவர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஆலயச் செயலாளர் ஒருவர், லாரி ஓட்டும் நண்பர் ஒருவர், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்.

அங்கே ஒரே ஒரு விதி. பேச வருகிறவர் முதலில் மேசையில் எதையாவது வைக்க வேண்டும். பழைய ரசீது, சம்பளச் சீட்டு, திருவிழா அழைப்பிதழ், எதுவானாலும் சரி.

நான் ஒரு புகைப்படத்தை வைத்தேன். என் பாட்டி பிறந்த தோட்டத்தின் தமிழ்ப்பள்ளி, போருக்கு முன் எடுத்தது. ஆசிரியர் நடுவில், பிள்ளைகள் மூன்று வரிசை. பின்பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. அதில் பாட்டியின் அண்ணன் இருக்கிறார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். 1943இல் அவரைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அவருக்கு வேறு படமே இல்லை. இதில் அவர் யார் என்று நான் பாட்டியிடம் கேட்கவே இல்லை. 2014இல் பாட்டி தவறிய பிறகு, அவர் பெட்டியைத் திறந்தபோதுதான் படம் என் கைக்கு வந்தது.

சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஓர் அம்மா படத்தைக் கையில் எடுத்தார். "தம்பி, இது எங்க வீட்டிலயும் இருக்கு. நடுவுல நிக்கிறது எங்க தாத்தா" என்றார். உடனே மகனை அழைத்தார். பத்து நிமிடத்தில் புலனத்தில் படம் வந்தது. அவர்கள் பிரதியின் பின்பக்கம், ஆசிரியர் கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக, பாட்டியின் அண்ணன் பெயர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியர் ஐயா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். "அவசரப்படாதீங்க. அந்த வரிசையில பதினொரு முகம் இருக்கு. பேரு பத்துதான்."

யாரோ ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டிருக்கிறது. அது முதல் மூன்று இடங்களுக்குள் என்றால் என் தாத்தா நான்காவது பையன். இல்லையென்றால் மூன்றாவது.

சொந்த ஊரில் பல வருடம் தேடிக் கிடைக்காதது ஏன் சுங்கை சிப்புட்டில் இருந்தது? ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது படமும் கூடப் போய்விட்டது. நம் வரலாறே அப்படிச் சிதறியதுதான். 1950, 60களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போயின. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. மூடிய பள்ளியின் பதிவேடு யார் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ! ஓர் ஊர்க்காரர் தன் ஊருக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1919இலேயே இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு நகரமும் ஊரும் தனக்கென ஒரு வரலாற்றாளரை நியமிக்க வேண்டும். பெரும்பாலோர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். வட்டாரம் வட்டாரமாகக் கூடி, கையில் இருப்பதை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். 1825இல் திறந்த ஈரி கால்வாய் அங்கே 584 கிலோமீட்டர் ஓடியது. எந்த ஊர்க்காரராவது அதன் கதையைத் தனியாக எழுத முடியுமா?

அவர்களுக்குக் கொடுத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, முதல் உலகப் போருக்குத் தங்கள் ஊரிலிருந்து போனவர்களின் விவரங்களைத் திரட்டுவது. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள். போர் முடிந்த கையோடு தோட்டத்துக்கு ஒருவர் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக லயம் லயமாக நடந்திருந்தால், என் தாத்தா மூன்றாவதா நான்காவதா என்று இன்று நான் முகங்களை எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பின்பக்கம் மெல்லப் பென்சிலால் பெயர், ஊர், சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி போடுங்கள். பிறகு அதை அடுத்த ஊர்க்காரரிடம் காட்டுங்கள்.

அடுத்த கூட்டம் சித்தியவானில். அதே தோட்டத்திலிருந்து போன ஒரு குடும்பம் அங்கே இருக்கிறதாம். படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். இரண்டு பையன்களுக்கும் நேராகப் பின்பக்கம் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஒன்றையாவது அழித்துவிட்டு வர வேண்டும்.