ஒரு கிளை பதமா?

நான் வேலை செய்வது மொன்றியலில், சாமான் அடுக்கும் மரத்தட்டுகள் அடிக்கிற தொழிற்சாலையில். போன மாதம் வந்திறங்கிய பலகைக் கட்டில் மேலே கிடந்த இரண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் ஓம் என்றுவிட்டார். அடியில் பாதி உக்கல். பொறுக்கி எறிந்து என் முதுகு முறிந்ததுதான் மிச்சம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அம்மா சொல்லுவா. ஆனால் அவ அகப்பையால் கிண்டிவிட்டல்லோ அந்தச் சோற்றை எடுப்பா!

காட்டை யார் கிண்டுவது? இதைச் சொன்னவர் என்னோடு வேலை செய்யும் நியூ பிறன்ஸ்விக்காரர். முன்பு காட்டில் கிளை வெட்டும் வேலைக்குப் போனவராம்.

எங்கள் பலகைக்கு வருகிற ஸ்புறூஸ், பல்சம் மரங்களின் குருத்தைத் தின்னும் புழு ஒன்று இருக்கிறது. பெயரில் ஸ்புறூஸ் இருந்தாலும் அதற்குக் கூடுதல் விருப்பம் பல்சம். நாலைந்து வருடம் தொடர்ந்து மொட்டையடித்தால் மரம் பட்டுவிடும். கியூபெக்கின் வடகரையில் 2006 இல் தொடங்கிய பெருக்கம் மில்லியன் கணக்கான ஹெக்ரெயருக்குப் பரவியது.

கோடையில் பொரிக்கும் குஞ்சுப் புழு ஒன்றும் தின்னாமலே பட்டை வெடிப்புக்குள் நூல் கூடு கட்டி மாரி முழுக்கத் தூங்கும். அப்போதுதான் எண்ணவேண்டும். வசந்தத்தில் தின்னத் தொடங்கியபின் எண்ணினால் மருந்துக்கு ஆயத்தம் செய்ய நேரமிராது. ஓரிடத்தில் மூன்று மரம், ஒவ்வொன்றிலும் நடு உயரத்தில் 75 சென்ரிமீற்றர் கிளை ஒன்று. கைக்கு எட்டுகிறதென்று கீழ்க்கிளையை ஒடிக்கக்கூடாது. மரத்துக்குள்ளேயே புழு எல்லா உயரத்திலும் ஒரே அளவாய் இராது. உயரம் மாறினால் இந்த வருடக் கணக்கைப் போன வருடக் கணக்கோடு ஒப்பிடவும் ஏலாது.

ஆய்வுகூடத்தில் கிளையைத் துண்டாக்கிச் சூடான கோஸ்ரிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பார்கள். நூல் கரைந்து புழு கழன்றுவிடும். பிறகு வடித்து, பூதக்கண்ணாடியில் எண்ணுவது.

அந்துப்பூச்சியைப் பொறி வைத்துப் பிடித்து எண்ணினால் சுகமல்லோ என்று கேட்டேன். பொறியில் விழுவது ஆண்கள் மட்டும், அதுவும் காற்றோடு எங்கிருந்தோ வந்தவையாக இருக்கலாம் என்றார். கிளையில் தூங்குவது அந்த மரத்தையே தின்னப்போவது.

நியூ பிறன்ஸ்விக்கில் 2014 முதல், கிளைக்குச் சராசரி 7 புழு வந்தாலே அந்த இடத்தைக் குறித்து மருந்தடிக்கிறார்கள். காடு பச்சையாகத்தான் இருக்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிழையாக எண்ணினால் வீணாக மருந்து போகும், அல்லது மரம் போகும். மரம் போனால் மில்லும், பிறகு நாங்களும்.

நேற்று வந்த கட்டில் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பலகை இழுத்துப் பார்த்தேன். மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.