ஓ என்னும் ஓரெழுத்தொருமொழி

தனித்து நின்றே பொருள் தரும் எழுத்தைத் தமிழ் இலக்கணம் ஓரெழுத்தொருமொழி என்று வழங்குகிறது; நன்னூல் காட்டும் 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ‘ஓ’வும் ஒன்று, மதகில் நீரைத் தாங்கி நிற்கும் பலகைக்கு அது பெயர். அயர்லாந்தின் தொல்மொழியாகிய ஐரிஷிலும் ‘ஓ’ தனித்து நின்று பொருள் தருகிறது. பேரன் என்பது அதன் முதற்பொருள். அதிலிருந்து விரிந்து, பேரனுக்குப் பின் வந்த தலைமுறைகள் அனைத்தையும் சுட்டும் வழித்தோன்றல் என்ற பொருளும் அதற்கு வாய்த்தது. ஓ’பிரையன், ஓ’நீல், ஓ’கானர் என்று உலகம் அறிந்த அயர்லாந்துக் குடும்பப்பெயர்களின் முன்னிற்பது இந்தச் சொல்தான். ஆங்கில எழுத்தில் அதற்கும் பெயருக்கும் இடையே ஒரு சிறு மேற்கோட்டுக் குறி இடப்படுவதால், ஏதோ நீண்ட சொல்லின் சுருக்கம் அது என்று பலர் எண்ணுகின்றனர். ஐரிஷ் எழுத்தில் அங்கே இருப்பது, உயிரெழுத்து நெடிலாக ஒலிப்பதைக் காட்ட அதன் தலைமேல் இடப்படும் சாய்கோடு மட்டுமே. சுருக்கம் அங்கே எதுவும் இல்லை. சொல் முழுமையாகவே நிற்கிறது.

தமிழகத்தார் சல்லிவன் என்று அறிந்திருக்கும் பெயர் ஐரிஷில் ‘ஓ சூல்யவான்’ என்பதற்கு அணுக்கமாக ஒலிக்கும். சூல்யவான் என்பவரின் வழித்தோன்றல் என்பது இதன் நேர்ப்பொருள். 10ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவராக மரபுவழிப் பட்டியல்கள் குறிக்கும் இந்த முன்னோரின் பெயரில் முதலுறுப்பு ‘சூல்’, அதாவது கண், என்பதில் அறிஞர்களிடையே ஐயமில்லை. அடுத்த உறுப்பில்தான் கருத்து பிளவுபடுகிறது. கருமையைக் குறிக்கும் ‘டுவ்’ என்ற சொல் அங்கே மறைந்திருப்பதாகக் கொள்வோர் ‘கருவிழியன்’ என்று பொருள் சொல்கின்றனர். ஒற்றைக் கண்ணன் என்றும் பருந்துக் கண்ணன் என்றும் கூறுவோரும் உள்ளனர். 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் பதிவு செய்த கதையோ வேறொரு வழியில் செல்கிறது. ஒற்றைக்கண் கொண்ட எயோஹி என்ற முன்னோரிடம் ஸ்காட்லாந்திலிருந்து வந்த லவான் என்னும் துரூயிடு, அதாவது பழஞ்சமயத்தின் ஞானி, அந்த ஒரு கண்ணையே கொடையாகக் கேட்க, கேட்டதை மறுக்காத அவர் அதைப் பிடுங்கிக் கொடுத்ததாகவும், அதைக் கண்ட புனிதர் ருவதான் இறைவனை வேண்ட, கேட்டவனுடைய இரு கண்களும் கொடுத்தவருக்கே வந்து சேர்ந்ததாகவும் அக்கதை சொல்கிறது. ‘லவானின் கண்’ என்று பெயரைப் பிரித்துக் காட்டுவதற்காகப் பின்னாளில் புனையப்பட்ட விளக்கம் இது என்பது தெளிவு. ஆயினும் தள்ளிவிடத் தக்கதன்று. கேட்டவருக்கு இல்லையென்னாத கொடையே தம் குடியின் தொடக்கம் என்று அம்மக்கள் நம்ப விரும்பினர் என்பதை அது உண்மையாகவே தெரிவிக்கிறது.

ஆக, பெயரின் பெரும்பகுதி இன்னும் பூசலுக்குரியதாக இருக்க, அதன் முன்னிற்கும் ஓரெழுத்தின் பொருளில் மட்டும் எந்தப் பூசலும் இல்லை. இந்தக் குடியின் வரலாற்றைப் படிக்க மிகப் பொருத்தமான சான்றும், பலரும் கடந்துசெல்லும் அந்த ஓரெழுத்துதான்.

10, 11ஆம் நூற்றாண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் குடும்பப்பெயர் என்று நிலையான ஒன்று இருக்கவில்லை. தமிழரின் தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறுவதுபோல, இன்னார் மகன், இன்னார் பேரன் என்று ஒவ்வொருவரும் தம் தந்தை அல்லது பாட்டனின் பெயரால் அறியப்பட்டனர். மகனைக் குறிக்கும் ‘மாக்’ என்ற சொல்லும் பேரனைக் குறிக்கும் ‘ஓ’வும் அன்று உள்ளபடியான உறவையே சுட்டின. பின்னர், நிலவுரிமையும் தலைமையுரிமையும் ஒரு குறிப்பிட்ட முன்னோர் வழியில் வந்தவர்க்கே உரியவை என்று வரையறுக்க வேண்டிய தேவை எழுந்தபோது, அந்த முன்னோரின் பெயர் அசையாமல் நிலைபெற்றது. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர்கள் மிக முற்பட வேரூன்றிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. பெண்களுக்குரிய வடிவம் இவ்வமைப்பை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது: ஓ சூல்யவான் குடியில் பிறந்த பெண் ‘நீ ஹூல்யவான்’ ஆவாள். ‘வழித்தோன்றலின் மகள்’ என்ற தொடர் சுருங்கி ‘நீ’ ஆயிற்று. அதனை அடுத்து வரும் சகரம் மென்மையுற்று ஹகரமாகத் திரிந்தது. ஆங்கிலப் பதிவேடுகளில் இந்த வேறுபாடு முற்றிலும் அழிந்தது.

இக்குடியினர் இன்று கார்க், கெர்ரி மாவட்டங்களோடு பிரிக்க முடியாதபடி இணைத்துப் பேசப்படினும், அவர்களது முதல் நிலம் அதுவன்று. மன்ஸ்டர் மாகாணத்தை ஆண்ட இயோகனாக்ட் அரசமரபின் ஒரு கிளையாக, டிப்பெரரியின் வளமான சமவெளியில், நாக்கிராஃபன் என்ற மேட்டைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்கள் வாழ்ந்தனர். 1169 முதல் அயர்லாந்திற்குள் புகுந்த நார்மானியர், 1192இல் அந்த நாக்கிராஃபனிலேயே கோட்டை எழுப்பினர். சமவெளியை இழந்த குடி தென்மேற்கே நகர்ந்து, மலையும் பாறையும் கடல் ஊடுருவிய நீள்கழிகளும் நிறைந்த கடற்கரையில் நிலைகொண்டு, காலப்போக்கில் இரண்டாகப் பிரிந்தது. கென்மேர் கழியின் வடகரையில் இருந்தவர்கள் ஓ’சல்லிவன் மோர், அதாவது பெரிய ஓ’சல்லிவன், என்றும், தெற்கே பெயரா தீபகற்பத்தை ஆண்டவர்கள் ஓ’சல்லிவன் பெயர் என்றும் அறியப்பட்டனர். இரண்டாம் தொடரிலுள்ள ‘பெயர்’ என்பது பெயரா என்ற அந்நிலத்தைச் சுட்டும் சொல்லே.

பெயராவின் தலைவராக விளங்கிய டோனல் காம் என்பவரின் வரலாற்றில் சற்றுத் தங்கியாக வேண்டும். அயர்லாந்து மரபில் தலைமை மூத்த மகனுக்குத் தானாகச் சேர்வதில்லை. குடியினருள் தக்கவரெனக் கருதப்பட்ட ஆண் உறவினர் தேர்ந்தெடுக்கப்படுவார். அம்முறைப்படி டோனலின் தந்தைக்குப் பின் தந்தையின் தம்பி ஓவன் தலைவரானார். வளர்ந்த டோனல், மூத்தவரின் மகனே வாரிசு என்னும் ஆங்கிலச் சட்டத்தை நாடி வழக்குத் தொடுத்து, 1593இல் தீர்ப்பைப் பெற்றுப் பெயராவைக் கைக்கொண்டார். அந்நிய அரசின் சட்டத்தால் பதவி பெற்ற அவரே, சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வரசுக்கு எதிராக வாளெடுத்தார். 1601ஆம் ஆண்டின் இறுதியில் கின்சேலில் ஐரிஷ், ஸ்பானியப் படைகள் ஆங்கிலேயரிடம் தோற்றபின், 1602 ஜூன் மாதத்தில் டோனலின் டன்பாய் கோட்டையை 143 பேர் மட்டும் காத்து நிற்க, ஆங்கிலத் தளபதி ஜார்ஜ் கேரியூவின் பெரும்படை பீரங்கிகளால் அதனைத் தகர்த்தது. எஞ்சியவர்கள் தூக்கிலிடப்பட்டனர்.

1602 டிசம்பர் 31 அன்று, ஏறத்தாழ 1,000 பேருடன் டோனல் கிளெங்காரிஃபிலிருந்து வடக்கே புறப்பட்டார். போர்வீரர் 400 பேர். ஏனையோர் பெண்களும் குழந்தைகளும் ஏவலரும். கடுங்குளிரில், உணவின்றி, வழிநெடுகத் தாக்குதல்களை எதிர்கொண்டபடி அவர்கள் நடந்தனர். ஷானன் ஆற்றைக் கடக்கப் படகில்லாதபோது தம் குதிரைகளைக் கொன்று, மரச்சட்டத்தின் மேல் அவற்றின் தோலைப் போர்த்திப் படகு செய்து, இறைச்சியை உண்டு பசியாறினர். இரண்டு வாரங்களுக்குப் பின் லீட்ரிமில் ஓ’ரூர்க் குடியின் வாயிலை அடைந்தவர்கள் 35 பேர்: படைக்கலம் ஏந்தியோர் 18, ஏவலர் 16, பெண் ஒருவர். வழியில் மாண்டவர்களோடு, பின்தங்கி ஆங்காங்கே தங்கிவிட்டவர்களும் பலர் என்பதால் எஞ்சிய அனைவரும் இறந்தனர் என்று கொள்வது தவறு. ஆயினும் அந்த எண்ணிக்கையின் கனம் அதனால் குறைந்துவிடவில்லை. உயிருடன் சேர்ந்த அந்தச் சிலருள் எழுபது வயதை நெருங்கிய டெர்மட் ஓ’சல்லிவனும் ஒருவர். அவருடைய மகன் பிலிப், ஸ்பெயினில் வளர்ந்து, 1621இல் லிஸ்பனில் லத்தீன் மொழியில் வெளியிட்ட அயர்லாந்துக் கத்தோலிக்க வரலாற்று நூல்தான் இந்த நடைப்பயணத்தை விரிவாக அறியச் செய்தது. தலைவர் டோனலோ 1618இல் மாட்ரிட்டில் கொல்லப்பட்டார். அவர்கள் நடந்த தடம் இன்று பெயரா–பிரெஃப்னி வழி என்ற நீள்நடைப் பாதையாக அமைந்துள்ளது.

தலைவர்கள் போனபின் குடிவழியைச் சுட்டிய ஓரெழுத்தும் மெல்லக் கழன்றது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சியும், கத்தோலிக்கரின் நிலவுரிமையையும் கல்வியையும் ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களும் ஐரிஷ் அடையாளத்தைத் தாழ்வாக்கியபோது, எழுத்தர்கள் ‘ஓ’வை விட்டுவிட்டு எழுதினர், மக்களும் அதனை விட்டனர். வீட்டில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறொரு பெயருமாக மக்கள் வாழ்ந்தனர். 1827 முதல் 1835 வரை ஐரிஷ் மொழியில் நாட்குறிப்பு எழுதிய கில்கென்னிப் பள்ளி ஆசிரியர் தம் மொழியில் ஔலீவ் ஓ சூல்யவான், ஆங்கிலத்திலோ ஹம்ஃப்ரி. இவ்விரு முதற்பெயர்களுக்கும் பொருளிலோ வேரிலோ எந்த உறவும் இல்லை. ஆங்கிலத்தில் வழங்கிவந்த ஏதோ ஒரு பெயர் அவர்மேல் ஏற்றப்பட்டது, அவ்வளவே. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு பதிவுத்துறை அதிகாரி ராபர்ட் மாதிசன் தொகுத்த அறிக்கை, மர்ஃபி, கெல்லி ஆகியவற்றை அடுத்து அயர்லாந்தின் மூன்றாவது பெரிய குடும்பப்பெயராக இதனைக் காட்டி, அதனைத் தாங்கியோர் 43,600 பேர் என மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அன்று ‘ஓ’ இல்லாத சல்லிவன்கள். 1893இல் கேலிக் லீக் என்ற மொழி இயக்கம் தோன்றி, ஐரிஷ் மொழி மீதான மதிப்பு மீண்டபின், உள்நாட்டில் இருந்தோர் உதிர்ந்த எழுத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாயினர். இன்றைய அயர்லாந்தில் ஓ’சல்லிவனே மேலோங்கி நிற்கிறது.

புறப்பட்டுப் போனவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் மூண்ட பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிய, அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். கார்க்கின் மேற்குப் பகுதி மிகக் கொடிய துயரைக் கண்டது. பெயராவின் மேற்குக் கோடியிலுள்ள ஆலிஹீஸில் 1810களில் தொடங்கிய செப்புச் சுரங்கங்கள் நலிந்தபோது, அங்கே பாறையுடைக்கக் கற்றவர்கள் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துச் செப்பு நகரமான பியூட்டை நோக்கிச் சென்றனர். அயர்லாந்தின் கேவனில் பிறந்த மார்க்கஸ் டேலி அங்கே சுரங்க முதலாளியாக இருந்து தம் நாட்டவருக்கு வேலை தந்தார். ஆக, அமெரிக்காவில் ஒருவர் சல்லிவன் என்று மட்டும் அறியப்பட்டால், அவருடைய முன்னோர் எழுத்து மீள்வதற்கு முன்பே கரையை விட்டு நீங்கியிருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கொள்ளலாம்; இல்லாத ஓரெழுத்து, புறப்பட்ட காலத்தைக் குறிக்கும் முத்திரையாகிறது. ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆனி சல்லிவன் பஞ்சத்தில் வெளியேறிய லிமெரிக் பெற்றோரின் மகள். குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சல்லிவனின் தந்தை கெர்ரியைச் சேர்ந்தவர்; சிகாகோவின் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவனின் தந்தையும் அயர்லாந்திலிருந்து வந்தவரே. மூவர் பெயரிலும் ‘ஓ’ இல்லை.

தமிழ்நாட்டிற்கு இப்பெயர் வந்தது வேறொரு வழியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில். கார்க் மாவட்டத்து பெஞ்சமின் சல்லிவனின் மகனான ஒரு ஜான் சல்லிவன், 1780களில் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்தபோது, ஷ்வார்ட்ஸ் பாதிரியாருடன் சேர்ந்து தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்க முனைந்தார். 1788இல் லண்டனில் பிறந்து, கோயம்புத்தூர் ஆட்சியராகி, 1820களின் தொடக்கத்தில் உதகையில் ‘கல் பங்களா’வை எழுப்பிய மற்றொரு ஜான் சல்லிவனே தமிழர் நினைவில் நிற்பவர்; கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் வாழ்ந்த கட்டடம் இன்று நினைவகமாக உள்ளது. நிலமிழந்த குடியின் பெயர், பிறர் நிலத்தை அளந்து வரிவிதித்த ஆட்சியின் அலுவலர்களாலும் தாங்கப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

பெயராவில் இப்பெயர் அடர்ந்து பெருகியதால், ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய அது பயன்படாமற்போயிற்று. முடியின் நிறம், தொழில், வாழுமிடம் ஆகியவற்றால் கிளைப்பெயர்கள் தோன்றின. தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கிச் சொல்லும் வழக்கமும் நிலவியது. பெயர் அசையாமல் நிலைபெறுவதற்கு முன்பிருந்த முறையே, பெயர் நிறைந்து வழிந்த ஊரில் மீண்டும் தேவைப்பட்டது.

அத்தீபகற்பத்திலிருந்து குடிபெயர்ந்த ஒருவரின் வழியில் அயோவா மாநிலத்து வாட்டர்லூவில் பிறந்த சகோதரர் ஐவர், ஒரே கப்பலில் பணிபுரிவோம் என்ற நிபந்தனையுடன் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தனர். 1942 நவம்பர் 13 அன்று குவாடல்கனாலை அடுத்த கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் ஜூனோ என்ற அக்கப்பல் மூழ்கியதால் ஐவரும் மாண்டனர். மறு ஆண்டு பணியிலமர்த்தப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர்கள் அனைவரின் நினைவாகப் பன்மையில் பெயர் சூட்டப்பட்டது.  1997இல் பணிக்கு வந்த இரண்டாம் கப்பலும் அதே பெயரைத் தாங்குகிறது. ‘தி சல்லிவன்ஸ்’ என்று மட்டுமே அதில் எழுதப்பட்டிருக்கிறது. முன்னே ‘ஓ’ இல்லை.