எந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்?

2027 ஜூலையில் திரௌபதி முர்முவின் பதவிக்காலம் முடிகிறது. அடுத்த குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார் என்ற பேச்சு அதற்குள் கிளம்பிவிடும். டெல்லியில் ஒரு பெயரை முடிவு செய்வார்கள். அந்தப் பெயர் நம்மவருடையதாக இருந்தால் வாழப்பாடி சேரி வரைக்கும் சேதி வரும்: "உங்க ஆளுதான், இன்னும் என்ன வேணும்?" 2017-இலும் இப்படித்தான் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நமக்கு இது புதிய அனுபவமும் அல்ல. தனி ஊராட்சி என்று அறிவித்த நாளிலிருந்து ஊருக்குள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். தோப்பில் பாக்கு மரம் ஏறுகிறவர், தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருப்பவர், கைமாற்று வாங்கித் திருப்பித் தராமல் இருப்பவர், இவர்களுக்குள் யார் எதிர்த்துப் பேசமாட்டார் என்று தேடுவார்கள். படித்த பையன், சங்கத்தில் இருப்பவன், மனு எழுதத் தெரிந்த பெண் என்றால் முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். வேட்புமனுவுக்கான பணத்தையும் அவர்களே கட்டுவார்கள். சட்டமும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்து வைத்திருக்கிறது. ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவருக்குக் கிடையாது. ஆகவே நாற்காலி நமக்கு, பேனா அவர்களுக்கு. இதை மீறி நிமிர்ந்து நின்ற தலைவர்கள் இருக்கிறார்கள். மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டது அப்படி நின்றதற்குத்தான்.

ஒருவர் நம் சாதியா என்பது ஒரு கேள்வி. அவரைத் தேர்ந்தெடுத்தது யார், எதற்காக என்பது வேறு கேள்வி. புரட்சியாளர் அம்பேத்கர் இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அது பறிபோனது. அதிலும் ஒரு சிறு துண்டு மிஞ்சியது. ஒவ்வொரு தனித் தொகுதியிலும் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து முதலில் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வேட்பாளரை முடிவு செய்யும் உரிமையில் பாதியாவது நம் கையில் இருந்தது என்று இதைச் சொல்லலாம். ஆனால் பொது வாக்கில் அந்த நால்வரில் பணிந்து போகிறவரே ஜெயிப்பார் என்பது அம்பேத்கரின் குற்றச்சாட்டு. இன்று அந்த முதல் கட்டமும் இல்லை. மக்களவையில் தாழ்த்தப்பட்டோருக்கு 84 இடங்களும் பழங்குடியினருக்கு 47 இடங்களும் இருக்கின்றன. 131 பேருக்கும் யார் சீட்டு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

குடியரசுத் தலைவர் தேர்விலும் நம் பெயர் அட்டைப் பெயராகவே வந்து போயிருக்கிறது. 1969 ஜூலையில், காந்தி நூற்றாண்டு ஆண்டில், பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழுவில் இந்திரா காந்தி ஜெகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். பெரிய தலைகள் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு நடந்த சண்டையில் கட்சியே உடைந்தது, வி.வி. கிரி ஜெயித்தார், ஜெகஜீவன் ராம் பெயரை எல்லோரும் மறந்தார்கள். அவர் மகள் மீரா குமார் 2012-இல் மக்களவைத் தலைவராக இருந்தார். ஜெயிக்கும் வாய்ப்பு காங்கிரஸ் கூட்டணிக்கு அப்போது இருந்தது. நிறுத்தியது பிரணாப் முகர்ஜியை. 2017-இல் ஜெயிக்கவே வழியில்லாதபோது, பாஜக ஜூன் 19 அன்று ராம்நாத் கோவிந்தை அறிவித்த பிறகு, 17 எதிர்க்கட்சிகள் கூடி ஜூன் 22 அன்று மீரா குமாரை நிறுத்தின. தோற்கிற இடத்தில்தான் நம்மவர் நினைவுக்கு வருகிறார். 'தலித்துக்கு எதிராக தலித்' என்று பத்திரிகைகள் எழுதியபோது, மற்ற சாதிக்காரர்கள் போட்டியிட்டபோது யாரும் சாதியைப் பேசவில்லையே என்று மீரா குமார் கேட்டார். நியாயமான கேள்வி.

சாதியைப் பார்க்காதே என்று நாம் சொல்ல வரவில்லை. எழுபது ஆண்டுக்கு மேலான குடியரசில் அந்த மாளிகைக்குள் நம்மவர் போனது ஒரு கை விரலுக்குள் அடங்கும். சாதி முதல் கேள்வியாக இருக்கட்டும், கடைசிக் கேள்வியாக இருக்கக் கூடாது. இரண்டாவதாக நாம் கேட்க வேண்டியது: தன்னைப் பதவியில் வைத்தவர்களிடம் இவர் எப்போதாவது 'முடியாது' என்று சொல்லியிருக்கிறாரா?

கே.ஆர். நாராயணன் சொல்லியிருக்கிறார். 1997 ஜூலையில் பதவியேற்றார். மூன்றே மாதத்தில், உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை கோப்பை அனுப்பியது. நாராயணனை நிறுத்திய ஐக்கிய முன்னணியின் ஆட்சிதான் அது. மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார். 1998 செப்டம்பரில் வாஜ்பாய் அமைச்சரவை பீகாரின் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கச் சொன்னபோதும் அதேதான் செய்தார். மறுப்பதையே தொழிலாக வைத்திருக்கவில்லை. சங்கர்பிகாவிலும் நாராயண்பூரிலும் தலித்துகளை ரண்வீர் சேனா கொன்று குவித்த பின், 1999 பிப்ரவரியில் பீகாரில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்குக் கையெழுத்திட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனக் கோப்பில், பட்டியல் சாதி, பழங்குடியினரையும் கருதுங்கள் என்று எழுதினார். அரசமைப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்யக் கிளம்பிய காலத்தில், 2000 ஜனவரியில், சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் சட்டத்தைக் கைவிட்டோமா என்று நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்திலேயே கேட்டார். குடியரசுத் தலைவருக்கு அதிகாரமே இல்லை, அமைச்சரவை சொன்னால் கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று சட்டம் பேசுகிறவர்கள் நாராயணனை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பிரிவு 74-இன்படி ஆலோசனையை ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் வந்தால்தான் கட்டுப்பட வேண்டும்.

இனி கோவிந்த். நீட் விலக்கு கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2017 பிப்ரவரியில் நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களும் அவர் மேசைக்குப் போயின. செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டத்து தலித் மாணவி ஒருவர் மருத்துவக் கனவோடு உயிரை விட்டார். செப்டம்பர் 18 அன்று அந்த மசோதாக்கள் நிராகரிக்கப்பட்டன. நிராகரித்த சேதியே 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன பிறகுதான் நமக்குத் தெரிந்தது! ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நிராகரித்திருப்பார். மறுபடியும் யோசியுங்கள் என்று ஒரு வரி எழுத முடியாதா என்பதுதான் நம் கேள்வி.

முர்முவின் கதை இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் அவருக்கு மறுக்கத் தெரியும். ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, ஆதிவாசி நிலங்களை வேளாண்மை அல்லாத காரியங்களுக்குத் திறந்துவிடும் சோட்டாநாக்பூர், சந்தால் பர்கானா நிலச் சட்டத் திருத்தங்களை 2017-இல் திருப்பி அனுப்பினார். இதனால் பழங்குடிகளுக்கு என்ன நன்மை என்று கேட்டார். ஆட்சியில் இருந்தது அவர் வளர்ந்த பாஜகவே. அரசு பின்வாங்கியது. அருநூற்றுமலைக்கும் கல்வராயன் மலைக்கும் அடியில் வாழும் நமக்கு அந்த மறுப்பின் மதிப்பு தெரியும். 2022-இல் அவரை நிறுத்தியபோது, கட்சி மேடைகளில் சந்தாலி என்றும் பெண் என்றும் சொன்னார்கள், இதை யாரும் பெரிதாகச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒரே தகுதி அதுதான். அதே முர்மு காலத்தில்தான் தமிழ்நாட்டின் அடுத்த நீட் மசோதாவும் நிராகரிக்கப்பட்டு 2025 ஏப்ரலில் சேதி வந்தது.

வாழப்பாடி ஏற்காடு தொகுதியில் இருக்கிறது, பழங்குடியினருக்கான தனித் தொகுதி. பக்கத்திலேயே ஆத்தூர், கெங்கவல்லி, இரண்டும் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதிகள். 2017-இலும் 2022-இலும் மூன்றும் அதிமுக வசம் இருந்தன, இரண்டு முறையும் எடப்பாடி பழனிசாமி பாஜக வேட்பாளரை ஆதரித்தார். குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவர் வாக்கின் மதிப்பு 176. மூன்றுக்கும் சேர்த்து 528. வாக்குச்சீட்டு ரகசியம், கொறடா உத்தரவு இதில் செல்லாது. 2027-இல் இந்த மூன்று நாற்காலிகளில் எந்தக் கட்சிக்காரர் இருந்தாலும், வேட்பாளரை அறிவித்த மறுநாளே நாம் கூட்டமாகப் போய்ப் பார்ப்போம். அவர் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியும், அவர் எந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பினார் என்று சொல்லுங்கள் என்று கேட்போம். எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வருவோம்.