ஆட்டத்துக்கும் பாடபேதம் உண்டு

‘கோல்டன்ஐ 007 இயக்கக் கடினமான ஆட்டம்’ என்று பழவங்காடித் தேநீர்க் கடையில் ஓர் ஆய்வு மாணவர் தீர்ப்பளித்தார். அவர் ஆடியது 1997இல் வந்த மூலத்தை அன்று. 2023இல் ஸ்விட்சில் வந்த மறுவெளியீட்டை. நிண்டெண்டோ 64இன் ஒற்றைக் குச்சிக்கும் நான்கு மஞ்சள் ‘சி’ பொத்தான்களுக்கும் வகுத்த இயக்கமுறை, அதில் இரட்டைக் குச்சிக் கருவியின்மேல் ஏற்றப்பட்டது. அதே நாளில் வந்த எக்ஸ்பாக்ஸ் பதிப்பு இரட்டைக் குச்சிக்கேற்பத் திருத்தப்பட்டிருந்தது. அங்கே கை அவ்வளவு தடுமாறுவதில்லை. ஆக, மறுவெளியீட்டின் பழுதுக்கு மூலம் பழி சுமக்கிறது.

காரியவட்டம் சுவடி நூலகத்துக்குச் செல்லும் நாம், பாடபேதம் பாராமல் ஒரு வரியையேனும் மேற்கோள் காட்டத் துணிவோமா? ஆட்டத்தை ஆய்வோரும் எந்தப் பதிப்பு, எந்தக் கருவி என்று குறிக்கட்டும். அக்குறிப்பில்லாத தீர்ப்பை ஆய்வென்று ஏற்கலாகாது.