சோதிக்கப்படாத மருந்து

ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சீபுரத்துக்கும் இடையே, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரம் என்ற ஊரின் பெயரை 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தேசம் முழுவதும் உச்சரித்தது. துக்கத்தோடும் கோபத்தோடும் உச்சரித்தது. அங்கே ஸ்ரீசன் என்ற கம்பெனி தயாரித்த 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள், மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா ஜில்லாவில் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டார்கள். மாண்டவர்கள் இருபதுக்கும் மேல். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத சிசுக்கள். சளியென்றும் ஜுரமென்றும் வைத்தியரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்த பெற்றோர், சில தினங்களுக்குள் சிறுநீர் நின்றுபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகபுரி ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள்.

மத்தியப் பிரதேச அதிகாரிகளிடமிருந்து செய்தி வந்தவுடன், தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் அக்டோபர் 1-ந் தேதியே அந்தத் தொழிற்சாலைக்குச் சென்றார்கள். அன்று ஆயுத பூஜை. மறுநாள் காந்தி ஜயந்தி. விடுமுறை என்று பாராமல் மருந்தை எடுத்துச் சோதித்தார்கள். முடிவும் உடனே தெரிந்துவிட்டது. டை எதிலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் நூற்றுக்கு 48.6 பங்கு கலந்திருந்தது. மருந்துக்கான சரக்குகளில் அனுமதிக்கப்படும் அளவு நூற்றுக்கு 0.1 பங்குதான். சீசாவில் ஏறக்குறையப் பாதி விஷம் என்றே சொல்லவேண்டும்.

இந்த வேகத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பாராட்டுகிற அதே வாயால் ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டே தினங்களில் கண்டுபிடிக்கக்கூடிய விஷத்தை, மே மாதத்தில் தயாரான அந்த மருந்தில் அக்டோபர் வரையில் ஒருவரும் காணாமல் இருந்ததேன்?

இந்த விஷம் உடலில் வேலை செய்யும் விதத்தை ஜனங்கள் தெரிந்துகொள்வது அவசியம். அது நிறமற்றது, நாவுக்கு இனிப்பானது. ஆகையால் குழந்தை முகஞ் சுளிக்காமல் குடித்துவிடுகிறது. குடலிலிருந்து விரைவாக ரத்தத்தில் ஏறி உடலெங்கும் பரவுகிறது. அடுத்தபடியாக வேலை செய்வது கல்லீரல். கல்லீரல் நமது உடலின் காவற்காரன். உள்ளே வந்த அந்நியப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவது அதன் தொழில். சாராயத்தை மாற்றுகிற அதே நொதியைக் கொண்டு இதையும் மாற்ற முற்படுகிறது. ஆனால், அந்த மாறுதல்களின் முடிவில் பிறப்பது டைகிளைக்காலிக் அமிலம் என்னும் கொடிய பொருள். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சேர்ந்து அங்குள்ள உயிரணுக்களைக் கொன்றுவிடுகிறது. காவற்காரனே அறியாமல் கொலைகாரனுக்கு ஆயுதம் செய்து கொடுக்கிறான். அமெரிக்காவில் லூயிஸியானா ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்த கென்னத் மெக்மார்ட்டின் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2010, 2011-ம் வருஷங்களில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் இதை எடுத்துக் காட்டினார்கள். கல்லீரலின் அந்த நொதியை மருந்தினால் தடுத்து நிறுத்தியபோது, விஷம் கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகம் கெடவில்லை.

ஆகவே, காரணம் ஆரம்பத்திலேயே தெரிந்தால் சிகிச்சைக்கு வழி உண்டு. ஆனால் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தையே காரணம் என்று எந்தத் தாய் சந்தேகிப்பாள்? சந்தேகம் வருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இந்த விஷத்தை ஆஸ்பத்திரியில் எதிர்ப்பது கடினம். தொழிற்சாலை வாசலில் தடுப்பது சுலபம்.

இது புதிதாக வந்த விபத்தும் அல்ல. 1937-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, ஸல்ஃபனிலமைடு என்ற மருந்தை இதே திரவத்தில் கரைத்துப் பழச்சுவை சேர்த்து விற்றது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மறு வருஷமே, மருந்து தீங்கற்றது என்று ருஜுப்பிக்காமல் அதை விற்கக்கூடாது என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. நமது நாட்டிலோ, 1972-ல் சென்னையிலேயே குழந்தைகள் இவ்விஷத்துக்குப் பலியானார்கள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் மாண்டார்கள். நீதிபதி லெண்டின் கமிஷன் விசாரித்து விரிவான அறிக்கை கொடுத்தது. 2019-ம் வருஷக் கடைசியிலும் 2020-ம் வருஷத் தொடக்கத்திலும் ஜம்முவைச் சேர்ந்த ராம்நகரில் குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அழுதோம், விசாரித்தோம், மறந்தோம். அமெரிக்கருக்கு ஒரு துக்கம் ஒரு சட்டத்தைக் கொடுத்தது. நமக்கு இத்தனை துக்கங்களும் போதவில்லையா?

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. கர்னல் சோப்ரா தலைமையில் 1930-ல் நியமிக்கப்பட்ட கமிட்டியின் சிபார்சுகளை ஒட்டி 1940-ல் மருந்துச் சட்டம் பிறந்தது. வாங்கும் மூலச் சரக்கையும், தயாரித்த மருந்தையும் சோதித்த பிறகே வெளியே அனுப்பவேண்டும் என்று விதி இருக்கிறது. திரவ மருந்துகளில் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் மருந்துத் தரத்திலும் கிடைக்கிறது. சாயத்துக்கும் பிசினுக்கும் உதவும் மலிவான தரத்திலும் கிடைக்கிறது. மலிவான பீப்பாயில்தான் இந்த விஷம் கலந்து வருகிற அபாயம் அதிகம். சுங்குவார்சத்திரத்தில் மருந்துத் தரமற்ற சரக்கு உபயோகிக்கப்பட்டதாகவும், முந்நூறுக்கும் மேற்பட்ட குறைகள் இருந்ததாகவும் சோதனையில் வெளியாயிற்று. முந்நூறு குறைகள் ஓர் இரவில் முளைத்திருக்க முடியுமா? ஆய்வு செய்யத் தவறியதற்காக மருந்து ஆய்வாளர் இருவர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். கம்பெனியின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்; லைசென்ஸ் ரத்தாயிற்று. யார் எவ்வளவு குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பது நீதிஸ்தலத்தின் வேலை. அதில் நாம் தலையிடப் போவதில்லை. நாம் கேட்பது இலாகாவின் வழக்கத்தைப் பற்றியது.

அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார்கள், ஒரகடத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும், சுங்குவார்சத்திரத்திலேயே டெலிபோன்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் தயாராகின்றன. அங்கே வெளியிலிருந்து வரும் ஒரு திருகாணியைக்கூட அளந்து பாராமல் உள்ளே விடுவதில்லை. ஒரு வண்டியில் ஒரு குழாய் பழுதென்றால் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழுது பார்க்கிறார்கள். மாண்ட குழந்தையை யார் திரும்ப அழைப்பது? இரும்புக்குக் காட்டுகிற ஜாக்கிரதையைக் குழந்தையின் வாயில் ஊற்றுகிற மருந்துக்குக் காட்டக்கூடாதா?

இதிலும் வேதனை தருகிற விஷயம் ஒன்று உண்டு. 2022-ம் வருஷத்தில் ஆப்பிரிக்காவில் காம்பியா தேசத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டதையொட்டி, இந்தியாவிலிருந்து சென்ற இருமல் மருந்துகளைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. அதன் பிறகு, 2023-ம் வருஷம் ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளைச் சர்க்கார் ஒப்புக்கொண்ட சோதனைச்சாலையில் சோதித்துச் சான்று பெற்றே கப்பலேற்றவேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. அந்த உத்தரவு சரியானதே. ஆனால், சிந்த்வாராவுக்குப் போன சீசாவுக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை. அது நமது தேசத்துக்குள்ளேயே விற்கப்பட்ட மருந்தல்லவா? அந்நிய நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கிற காவல் நம் குழந்தைக்கு மறுக்கப்படுவதா? சுயராஜ்யம் பெற்ற தேசத்தில், சொந்தப் பிரஜையின் உயிர் அயலாரின் உயிரைவிட மலிவு என்று ஆகலாமா?

சிறு தொழிற்சாலைகள் இந்தச் செலவைத் தாங்கமாட்டா என்று சிலர் சொல்லக்கூடும். சிறு தொழில்கள் வாழவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் இந்த விஷத்தைக் கண்டறிய மலிவான முதற்சோதனை முறையை உலக சுகாதார ஸ்தாபனமே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதற்கும் வசதியற்றவர்கள் சிலர் கூடிப் பொதுச் சோதனைச்சாலை வைத்துக்கொள்ளட்டும்; சர்க்கார் உதவி செய்யட்டும். அதுவும் முடியாதவர்கள் வேறு தொழிலைப் பார்ப்பது நலம். ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் வங்காளத்தில் மருந்துத் தொழிற்சாலை கண்டது, அந்நியச் சரக்குக்கு ஈடான நல்ல சரக்கை நம்மவர் செய்ய முடியும் என்று காட்டுவதற்காக. சுதேசி என்ற பெயரை மட்டமான சரக்குக்குத் திரையாக்குவது அப்பெரியோருக்குச் செய்யும் துரோகம்.

சர்க்காருக்கு நாம் சொல்வது சுருக்கமானது. ஏற்றுமதி மருந்துக்கு உள்ள சோதனையை, உள்நாட்டில் விற்கும் குழந்தை மருந்துகளுக்கும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் கட்டாயமாக்க வேண்டும். கிளைக்கால் பீப்பாய்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகின்றன என்ற கணக்கு இலாகாவிடம் இருக்கவேண்டும். எந்தத் தொழிற்சாலையை எந்தத் தேதியில் பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை ஜனங்கள் அறியும்படி பகிரங்கமாக வெளியிட வேண்டும். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நமது பிரதிநிதிகள் இவற்றை விடாது கேட்கவேண்டும். அவர்களைக் கேட்கச் செய்வது தேச ஊழியர்களின் பொறுப்பு.

ஆயுத பூஜையன்று நடந்த அந்தச் சோதனை, மே மாதத்திலேயே நடந்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள். இன்னொரு ஊரிலிருந்து கடிதம் வரும்வரையில் நமது சோதனைச்சாலைகள் காத்திருக்கக் கூடாது.