ஒரு வரியில் ஒளிந்திருக்கும் பாடம்

இணையவழிப் படிப்பு எதற்கான அறிவிப்பை எடுத்துக்கொண்டாலும், கட்டணம், காலம், சான்றிதழ் முதலிய விவரங்களுக்குப் பிறகு ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'அடிப்படைக் கணினி அறிவு இருந்தால் போதும்.' அந்த அறிவு என்னென்ன, அதை எங்கே பெறுவது, யார் கற்றுத்தருவார்கள் என்பதை அறிவிப்பு சொல்வதில்லை. பேனா கொண்டு வரவும் என்பதைப் போல அவ்வளவு எளிதாக எழுதப்படும் அந்த வரியிலேயே பலருடைய படிப்பு நின்றுபோகிறது.

படிக்க விரும்புவோருக்குப் பஞ்சமில்லை, பாடங்களுக்கும் பஞ்சமில்லை. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ்ப் பாடங்களோடு பெரியதொரு மின்னூலகத்தையும் வைத்திருக்கிறது. 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் எண்ணற்ற பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். திருச்சியின் கல்லூரிகளில் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்திருக்கும் மாணவர்கள் உண்டு. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில், பணி ஓய்வுக்குப் பிறகு இலக்கணத்தையோ உரைகளையோ முறையாகப் பயில வேண்டும் என்று ஆசைப்படும் பெரியவர்களும் உண்டு. இவ்விரு சாராரையும் தடுப்பது பாடத்தின் கடினமன்று, அதற்கு முன்னால் கிடக்கும் வாசற்படி.

'இப்போது எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறதே' என்று மறுப்பவர்கள் உண்டு. 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில் அந்தச் செல்பேசியே வகுப்பறையாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் செல்பேசி, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பழக்கும் அளவுக்கு எழுதுவதற்கும் தொகுப்பதற்கும் நம்மைப் பழக்குவதில்லை. ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழாதபடி அது பார்த்துக்கொள்கிறது. ஸ்வயத்தில் பாடம் கேட்பது இலவசம் என்றாலும், சான்றிதழ் வேண்டுமெனில் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் போகவேண்டும். அங்கே பெரும்பாலும் கணினியின் முன்னால்தான் உட்கார வைக்கிறார்கள். பன்னிரண்டு வாரம் செல்பேசியில் படித்த ஒருவர், மவுஸைத் தேர்வறையில் முதன்முதலாகத் தொடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சில தனித்தனித் திறன்கள் இருக்கின்றன. கோப்புக்குப் பெயரிட்டுச் சேமிக்கவும், மறுநாள் அதைத் தேடி எடுக்கவும் தெரியவேண்டும். மின்னஞ்சலில் கோப்பை இணைத்து அனுப்பவும், வந்த கடிதம் குப்பை அஞ்சலுக்குள் விழுந்திருந்தால் கண்டுபிடிக்கவும் தெரியவேண்டும். கடவுச்சொல்லைக் காப்பது, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை எவரிடமும் சொல்லாதிருப்பது, ஒரு சுட்டியை அமுக்குமுன் அது எங்கே இட்டுச்செல்கிறது என்று பார்ப்பது ஆகியவை அடுத்து வருவன. இவற்றில் எதுவும் மேதைமை கோருவதில்லை. பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து ஒருமுறை காட்டினால் போதும்.

இந்தப் பட்டியலில் எல்லோரும் மறந்துவிடுவது தமிழ்த் தட்டச்சு. ஆங்கில எழுத்துகளின் வழியேதான் தமிழை அடிக்கமுடியும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தமிழக அரசு 1999-லேயே தமிழ்99 விசைப்பலகையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே இட்டுக்கொள்ளும். ஆங்கிலம் அறியாதவரும் சில நாளில் பழகிவிடலாம். அதைச் சொல்லித்தர ஆளில்லாததால், கட்டுரையைக் கடையில் கொடுத்துப் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து வாங்குகிறார்கள். ஒருங்குறியில் இல்லாத அந்தக் கட்டுரை, எழுத்துரு இல்லாத ஆசிரியரின் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரிகிறது. மாணவரின் உழைப்பு அங்கே வாசிக்கப்படாமலே தோற்கிறது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பயின்ற சுஜாதாவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கணினியைத் தமிழ் வாசகனுக்கு அச்சம் தராத மொழியில் அறிமுகம் செய்தவர் அவர். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. எழுத்தறியாதவரும் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கலாம் என்ற அளவுக்கு எளிமையானது அது. அப்படியிருந்தும், தேர்தலுக்கு முன்னால் ஊர் ஊராக அதை எடுத்துச்சென்று செய்முறை விளக்கம் தருகிறார்கள். ஒரு பொத்தானுக்கே முன்பயிற்சி வேண்டும் என்று உணர்ந்த நாடு, ஒரு படிப்புக்கு அது வேண்டியதில்லை என்று எப்படி முடிவுசெய்தது?

திருச்சிக்குத் தெற்கே, பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1991-இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் முனைப்பில் எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். படிக்கப் போவதற்கும் கற்பிக்கப் போவதற்கும் வழி வேண்டும். அந்த வழியைத் தாங்களே கடக்கத் தெரியவேண்டும் என்பதை அந்த இயக்கம் புரிந்துகொண்டிருந்தது. இணையக் கல்விக்குக் கணினிப் பழக்கமே அந்தச் சைக்கிள்.

எனவே ஒரு யோசனை. திருச்சி மாவட்ட மைய நூலகத்திலும் ஸ்ரீரங்கம் கிளை நூலகத்திலும் ஆறு மாலைகள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஒருவர் இருவருக்கு என்ற கணக்கில் அருகில் அமரட்டும். 'இதுகூடத் தெரியாதா தாத்தா' என்று கேட்காத பிள்ளைகளாக அவர்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முடிவில் சான்றிதழ் தேவையில்லை. தம் ஊரைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் அடித்துச் சேமித்து, மறுநாள் அதைத் தேடியெடுத்துத் தம் பிள்ளைக்கோ ஆசிரியருக்கோ மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேர்ச்சி. படிப்புகளை நடத்தும் நிறுவனங்களும் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, இந்த ஆறு நாள் பாடத்தையே தம் முதல் பாடமாக வைக்கலாம்.